ஆவணியில் 38, மார்கழியில் 71: தோட்டக் கிணற்று நீரின் நைத்திரேற்று அளவு பற்றி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் உங்கள் வீட்டுக் கிணற்று நீரை ஆவணியில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் சோதித்தபோது, நைத்திரேற்று (நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீரில் கரைந்திருக்கும் பொருள்) முதலில் லீற்றருக்கு 38 மில்லிகிராமாகவும் பின்னர் 71 மில்லிகிராமாகவும் வந்ததாக எழுதி, இரண்டில் எந்த அறிக்கை சரியானது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று மாதக் குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்த நீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும் என்று அம்மம்மா சொல்வதையும், தலைமுறை தலைமுறையாகக் குடித்த தண்ணீர்தானே என்று அப்பா சொல்வதையும், சிறுநீரக நோய் வரும் என்று அயலவர் ஒருவர் எச்சரித்ததையும் கூடவே குறிப்பிட்டிருக்கிறீர்கள். இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிணற்றை எந்த மாதத்து நீரை வைத்து மதிப்பிடுவது, அந்த மதிப்பீடு வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்துமா என்பதே உங்கள் கேள்வி என்று நான் விளங்கிக்கொள்கிறேன். விளக்கத்துக்கு முன்னர் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் பால்மாவுக்கு இந்தக் கிணற்று நீரைப் பாவிப்பதை இன்றே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தாலும் வேண்டாம்.

நான் நிலத்தடி நீரின் வேதியியலைப் படித்து, பல ஆண்டுகளாகக் குடாநாட்டுக் கிணறுகளில் மாதிரி எடுத்துச் சோதித்து வருபவன். வைத்தியன் அல்லன். ஆகவே நீர் ஏன் மாறுகிறது என்பதைப் பற்றி உறுதியோடு பேச முடியும். உடலைப் பற்றிச் சொல்லும் இடங்களில் மருத்துவ ஆய்வுகள் ஒப்புக்கொண்டவற்றை மட்டுமே ஒப்புவிக்கிறேன். உங்கள் குழந்தையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவர் குழந்தைநல வைத்தியரே.

உங்கள் இரண்டு அறிக்கைகளும் சரியானவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசின் காலத்துச் சுண்ணக்கல். இந்தக் கல் மழைநீரில் மெல்லமெல்லக் கரையும் இயல்புள்ளது. அதனால் அதற்குள் வெடிப்புகளும் குகைபோன்ற வெளிகளும் உண்டு. ஆண்டில் ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்தாலும் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்று மழையாகவே வந்து சேர்கிறது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. எனவே குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாமே அந்த இரண்டு மூன்று மாத மழை கல்லுக்குள் விட்டுச் சென்ற நீரிலிருந்துதான். மலசலகூடக் குழியின் கழிவும், தோட்டத்தில் இட்ட உரத்தின் மிச்சமும் போய்ச் சேர்வதும் அதே நீரில்தான். வலிகாமத்தின் செம்மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது. அதன் வழியாக நீர் விரைவாக இறங்கிவிடும். மணற்பாங்கான வேறு இடங்களில் மாதக்கணக்கில் ஆகும் பயணம் இங்கே நாள்கணக்கில் முடிந்துவிடுவதுண்டு.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் ஒரு தோட்டக் கிணற்றின் கட்டிலிருந்து உள்ளே எட்டிப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே, கிணற்றுச் சுவரின் வெள்ளைக் கல்லில் ஒரு வெடிப்பிலிருந்து செந்நிற நீர் சொரிந்துகொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த நீர் மண்ணில் நின்று வடிகட்டப்பட்டு வந்ததன்று. மேல்மண்ணைக் கழுவி, வெடிப்பைக் கண்டு, நேரே இறங்கியது. கோடை முழுவதும் அந்த மண்ணில் தேங்கியிருந்த நைத்திரேற்று இந்த முதல் நீரோடு சேர்ந்து வருகிறது. வெயிலில் காய்ந்து கிடந்த மண் திடீரென நனையும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் மீண்டும் உயிர்ப்புப் பெற்று, எருவிலும் குழையிலும் இருந்த நைதரசனையும் சில நாள்களிலேயே நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று மண் துணிக்கைகளோடு ஒட்டிக்கொள்ளாது. நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். இதனால் தோட்டங்களை அடுத்த கிணறுகளில் ஐப்பசிக்கும் தைக்கும் இடையே நைத்திரேற்று உயர்வது எதிர்பார்க்கக்கூடியதே. உங்கள் மார்கழி அளவு அதைத்தான் காட்டுகிறது.

ஆனால் எல்லாக் கிணறுகளும் இப்படி நடப்பதில்லை. தோட்டங்களிலிருந்து விலகிய சில கிணறுகளில், சுற்றிலும் சுத்தமான நிலத்தில் பெய்த மழை வந்து கலப்பதால் மாரியில் நைத்திரேற்று குறைந்து கோடையில் கூடுகிறது. வேறு சிலவற்றில் முதல் மழைக்கு ஏறி, மழை தொடரத் தொடர மார்கழிக்குள் இறங்கிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் இருக்கும் இரண்டு கிணறுகள்கூட ஒன்றுக்கொன்று எதிராக நடப்பதுண்டு. கல்லுக்குள் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மேலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே "மாரியில் கூடும்" என்பதையும் "மாரியில் குறையும்" என்பதையும் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கிணற்றுக்கு உங்கள் கிணற்று அறிக்கைகளே சாட்சி. இரண்டு மாதிரிகளில் ஒன்று வரம்பைத் தாண்டியிருந்தால், குழந்தையைப் பொறுத்தவரை அந்தக் கிணறு வரம்பைத் தாண்டியதாகவே கொள்ள வேண்டும். குழந்தை குடிப்பது ஆண்டுச் சராசரியை அன்று. அன்றைய நீரைத்தான்.

வரம்பு என்று நான் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் மதிப்பான லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இலங்கையின் குடிநீர்த் தரமும் இதுவே. இந்தியத் தரம் 45. இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். சில ஆய்வுகூடங்கள் முழு நைத்திரேற்றையும் எழுதுகின்றன. வேறு சில அதிலுள்ள நைதரசனை மட்டும் எழுதுகின்றன. நைதரசனாக எழுதப்பட்ட எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்று அளவு கிடைக்கும். நைதரசனாக 12 என்று எழுதியிருக்கும் அறிக்கையைப் பார்த்து, ஐம்பதுக்குள்தானே என்று நிம்மதியடைந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். உண்மையில் அது 53. உங்கள் அறிக்கைகள் இரண்டும் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே அலகில் எழுதப்பட்டவையா என்று ஒருமுறை பாருங்கள். மாதிரியைக் குளிரில் வைத்து ஓரிரு நாள்களுக்குள் சோதித்தார்களா என்பதும் முக்கியம். வெயிலில் காரின் பின்னிருக்கையில் கிடந்த போத்தலில் நைத்திரேற்று மாறிவிடக்கூடும். நைத்திரேற்றிலிருந்து உண்டாகும் நைத்திரைற்று (nitrite) என்ற வேறு பொருளின் எண் தனியாக இருந்தால் அதையும் கவனியுங்கள். அதன் வரம்பு 3 மில்லிகிராம் மட்டுமே. இரண்டும் சேர்ந்திருக்கும்போது நைத்திரேற்றை 50ஆலும் நைத்திரைற்றை 3ஆலும் வகுத்து வரும் விடைகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டக் கூடாது.

இந்த 50 என்ற எண் யாரைக் காப்பதற்காக வகுக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அது போத்தலில் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர், பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததைப் பதிவு செய்தார். அதன் பின்னர் 1951இல் அந்த நாட்டில் அறியப்பட்ட நிகழ்வுகளைத் தொகுத்த வால்டன் என்பவர், நைதரசனாக 10 மில்லிகிராமுக்குக் குறைவான நீரில் அப்படியொரு நிகழ்வும் பதிவாகவில்லை என்று கண்டார். இன்றைய வரம்புகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. சில மாதமே ஆன குழந்தையின் இரைப்பையில் அமிலம் குறைவு. அதனால் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் அங்கே வளர இடம் கிடைக்கிறது. நைத்திரைற்று குருதியில் கலந்து ஈமோகுளோபினை மெதமோகுளோபினாக மாற்றுகிறது. அவ்வாறு மாறியது ஒட்சிசனைச் சுமக்காது. அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் நொதியம் குழந்தைகளில் இன்னும் முழு அளவில் வேலை செய்வதில்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை குடிக்கும் நீரின் அளவும் பெரியவர் குடிப்பதைவிடப் பல மடங்கு. இத்தனையும் ஒன்றுசேர்வது வாழ்வின் முதல் ஆறு மாதங்களில்தான்.

அம்மம்மாவின் யோசனை அன்பால் வந்தது. பாதியளவில் சரியும்கூட. கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும். நைத்திரேற்று ஆவியாகாது. நீர் மட்டும் ஆவியாகும். 71 மில்லிகிராம் உள்ள நீரில் கால்வாசி வற்றும்வரை கொதிக்க விட்டால் எஞ்சிய நீரில் அது 95ஆக ஏறியிருக்கும். கரி வடிகட்டிகளும், படிகாரமும், துணியில் வடிப்பதும், மண்பானையில் ஊற வைப்பதும் நைத்திரேற்றைத் தொடாது. வீடுகளில் பொருத்தும் ஆர்.ஓ. எனப்படும் மென்சவ்வு வடிகட்டி அதில் பெரும்பகுதியை நீக்கும். ஆனால் மென்சவ்வு பழுதானால் சுவையில் எதுவும் தெரியாது. ஆகவே வடிகட்டி வந்த நீரையும் இடைக்கிடை சோதிக்க வேண்டும். வீதியோரங்களில் விற்கப்படும் சுத்திகரித்த நீரை வாங்குவதாயின் அவர்களிடம் அண்மைய சோதனை அறிக்கை கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் இந்த இடத்தில் எழுதியிருப்பதை அப்படியே உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் போத்தல் பாலுக்குப் பாவிக்கவே கூடாது என்றும், 50க்கும் 100க்கும் இடைப்பட்ட நீர் கிருமியற்றது என்ற உறுதி இருந்து, மருத்துவக் கண்காணிப்பும் இருந்தால் பாவிக்கலாம் என்றும் அது சொல்கிறது. உங்கள் 71 இந்த இடைவெளியில் விழுகிறது. ஆனால் அந்த இரண்டு நிபந்தனைகளும் மாரி காலத்தில் ஒரு திறந்த கிணற்றில் நிறைவேறும் என்று நான் நம்பவில்லை. குழந்தைக்கு வயிற்றோட்டம் இருக்கும்போது குடலிலேயே நைத்திரைற்று உண்டாகிறது என்பதும், நீலம் பாரித்த பழைய நிகழ்வுகளில் பலவற்றுக்கு நைத்திரேற்றைவிட வயிற்றோட்டமே முதற் காரணமாக இருக்கலாம் என்பதும் ஆய்வாளர்களிடையே நடக்கும் ஒரு நேர்மையான விவாதம். அவர்கள் சொல்வது சரியென்றாலும் உங்கள் முடிவு மாறாது. முதல் மழையோடு கிருமியும் நைத்திரேற்றும் ஒரே வெடிப்பால் வந்து சேரும் நிலத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

எனவே தாய்ப்பாலே முதல் தெரிவு. தாய் குடிக்கும் நீரில் இருக்கும் நைத்திரேற்று, உங்கள் கிணற்றில் உள்ளதைப் போன்ற அளவுகளில், தாய்ப்பாலில் குறிப்பிடத்தக்க அளவு ஏறுவதில்லை. பால்மா தவிர்க்க முடியாதது என்றால் குழாய் நீரோ பவுசரில் வரும் நீரோ நைத்திரேற்று குறைந்ததா என்று உறுதிசெய்து, அதைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கரையுங்கள். போத்தல் நீராயின் அதன் சுட்டியில் நைத்திரேற்று அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சிக்கும் இதே நீரைத்தான் எடுக்க வேண்டும். குளிப்பாட்டுவதற்குக் கிணற்று நீர் போதும். நைத்திரேற்று தோல் வழியாக உட்செல்வதில்லை. குழந்தையின் உதடும் நகமும் சாம்பல் கலந்த நீலமாகத் தெரிந்தால், மூச்சு சாதாரணமாக இருந்தாலும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கிணற்று நீர் அறிக்கையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். இது அடிக்கடி காணும் நோய் அன்று. அந்தத் தாளைப் பார்த்தால் வைத்தியர் உடனே எதைத் தேட வேண்டும் என்று அறிந்துகொள்வார். நேரத்தோடு கொண்டு சென்றால் இதற்குச் சிகிச்சை உண்டு.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அந்தக் காலத்தில் துலாவிலும் பட்டையிலும் இறைத்த நீரின் அளவு வேறு. பூவரசங்குழையும் ஆட்டெருவும் தாழ்த்திய தோட்டத்தின் நைதரசன் அளவு வேறு. இயந்திர இறைப்பும் யூரியாவும் வந்த பிறகு நிலத்துக்குள் போகும் நைதரசன் எவ்வளவு மாறியது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 50 கிலோ யூரியா மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அது முழுவதும் நைத்திரேற்றாகிக் கிணற்று நீருக்குள் போனால் ஏறத்தாழ 102 கிலோ. நைத்திரேற்றே இல்லாத 20 இலட்சம் லீற்றர் நீரை 50 மில்லிகிராம் என்ற வரம்புக்குக் கொண்டுவர அந்த ஒரு மூடை போதும். பயிர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதால் முழுவதும் இறங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் வெங்காயத்தின் வேர் மேலோட்டமானது. அதற்கு அடிக்கடி நீரும் வேண்டும். வேரைத் தாண்டி இறங்கியதை அது மீண்டும் எட்டிப் பிடிக்காது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று வரம்பைத் தாண்டியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இது நேற்று வந்த செய்தியன்று. இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் யூரியாவின் தலையில் போடுவது சரியாகாது. எருவும் குழையும் உக்கினாலும் முடிவில் நைத்திரேற்றுத்தான் வருகிறது. அளவுக்கு மிஞ்சி இட்டால், இயற்கை உரம் என்பதால் அது கிணற்றுக்குள் இறங்காமல் நின்றுவிடாது. மலசலகூடக் குழிகளின் பங்கும் பெரியது. நைதரசனின் ஓரிடத்தான்களை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து மூலத்தைக் கண்டறியும் முறை ஒன்று உண்டு. அது செயற்கை உரத்தை ஓரளவு பிரித்துக் காட்டும். எருவையும் மலக்கழிவையும் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்க அதனாலும் எளிதில் முடிவதில்லை. உங்கள் கிணற்றின் 71இல் தோட்டத்தின் பங்கு எவ்வளவு, குழியின் பங்கு எவ்வளவு என்று எவராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெரியவர்கள் குடிக்கலாமா என்ற கேள்விக்கு விடை இவ்வளவு தெளிவாக இல்லை. வளர்ந்த, உடல்நலமுள்ள ஒருவருக்கு 71 மில்லிகிராம் நைத்திரேற்று உடனடித் தீங்கு எதையும் செய்யாது என்று துணிந்து சொல்லலாம். கீரையிலும் பீற்றூட்டிலும் நாம் உண்ணும் நைத்திரேற்றும் குறைவானதன்று. நீண்டகாலப் பாதிப்பே சந்தேகத்துக்குரியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல் வெளியிட்ட தொகுப்பில், உடலுக்குள் நைத்திரோசோ சேர்வைகள் உருவாகும் நிலைமைகளில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றும் நைத்திரைற்றும் அநேகமாகப் புற்றுநோயை விளைவிக்கலாம் என வகைப்படுத்தியது. டென்மார்க்கில் 27 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, இன்றைய வரம்புக்கு மிகக் கீழே, ஏறத்தாழ 4 மில்லிகிராமிலிருந்தே பெருங்குடற் புற்றுநோய் சிறிதளவு கூடுவதைக் காட்டியது. அது பெரிய ஆய்வு. ஆனாலும் அவதானிப்பு ஆய்வு மட்டுமே. உணவு, புகைத்தல் போன்றவற்றின் பங்கை அத்தகைய ஆய்வுகளால் முழுமையாக விலக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் களப் புற்றுநோய்க்கும் (உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும்) கிணற்று நைத்திரேற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்தும் நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் வழக்கமும் சுருட்டும் இருந்த மண்ணில், நைத்திரேற்றை மட்டும் காரணமாக்க எனக்குத் துணிவில்லை. கருவுற்றிருக்கும் பெண்களைப் பொறுத்தவரையும் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால் மாற்று நீர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, முடிவு வரும்வரை அவர்கள் இந்த நீரைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாங்கும் நல்ல நீர் எல்லோருக்கும் போதாதென்றால், முதலில் குழந்தைக்கு, அடுத்துக் கருவுற்றவருக்கு, மிஞ்சினால் மற்றவர்களுக்கு என்று பங்கிடுங்கள்.

அயலவர் சொன்ன சிறுநீரக நோய் வேறு கதை. அநுராதபுரம், பதவியா, மதவாச்சி போன்ற வட மத்திய வரண்ட வலயப் பகுதிகளில் 1990களிலிருந்து காணப்படும், காரணம் அறியப்படாத நீடித்த சிறுநீரக நோயையே அவர் மனதில் வைத்திருக்க வேண்டும். அங்கே நிலத்தடியில் இருப்பது பழைய கடினப் பாறை. புளோரைட்டும் நீரின் கடினத்தன்மையும் சேர்வது, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைப்பதால் உண்டாகும் நீரிழப்பு என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. எதுவும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. குடாநாட்டுச் சுண்ணக்கல் நீரின் வேதியியல் வேறு. உங்கள் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு கல்சியம் காபனேற்று. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கடின நீருக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. கேத்தலில் படிவது சிறுநீரகத்திலும் அப்படியே படியும் என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை.

நைத்திரேற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், மாரியில் அதைவிட அதிகமானோரைப் படுக்கையில் போடுவது கிருமி என்பது மறைந்துவிடக் கூடாது. வயிற்றோட்டமும், நெருப்புக்காய்ச்சலும், செங்கமாரியும் முதல் மழைக்குப் பின்னர் கூடுவதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே ஐம்பது அடி, நூறு அடி என்று சொல்லப்படும் தூரக்கணக்குகள் இடையிலுள்ள மண் வடிகட்டித் தரும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் அந்த நம்பிக்கைக்கு இடம் குறைவு. ஆகையால் ஐப்பசியிலிருந்து தை வரை வீட்டிலுள்ள எல்லோரும் கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும். நைத்திரேற்று சிறிது செறிவடையும் என்பதற்காகப் பெரியவர்கள் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடக் கூடாது. ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். வற்ற விட வேண்டியதில்லை. கிணற்றுக்கு வெளிற்றும் தூள் எவ்வளவு போடுவது என்பதைப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டு அளந்து போடுங்கள். கலங்கல் தெளியுமுன் போட்டால் குளோரின் அந்தக் கலங்கலிலேயே வீணாகிவிடும்.

கோடையின் தொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இங்கே நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்த ஒரு மீற்றரில் கொஞ்சம் இறைத்து எடுத்தாலும் கீழே உவர் பல மடங்கு மேலேறும் என்பதே அதன் மறுபக்கம். குகைகளும் வெடிப்புகளும் உள்ள கல்லில் இந்தக் கணக்கு அப்படியே பலிப்பதில்லை. ஆனால் அது காட்டும் திசை சரியானது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே. ஆடி, ஆவணியில் கிணற்று நீர் சவர்க்கத் தொடங்கினால், குளோரைட்டும் சோடியமும் ஏறுகின்றன என்று பொருள். சுவை மாறுவது குளோரைட்டு 250 மில்லிகிராம் அளவில். அதற்கு மேல் போனால் தேநீரே காட்டிக்கொடுக்கும். உயர் குருதி அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் அந்த மாதங்களில் அவர்களுக்கு வேறு நீர் வேண்டும். இரவு பகலாக இறைக்காமல், சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைப்பது உவர் மேலேறுவதைத் தணிக்கும்.

இதனால்தான் ஆண்டுக்கு ஒரு முறை, கைக்கு வந்த மாதத்தில் சோதிப்பது போதாது என்கிறேன். ஆவணியில் மட்டும் சோதித்திருந்தால் 38 என்ற எண்ணோடு நீங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். குறைந்தது மூன்று மாதிரிகளாவது வேண்டும். ஆவணிக் கடைசியில், மழைக்கு முன்னர், நைத்திரேற்றும் குளோரைட்டும், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனும் பாருங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓரிரு வாரத்தில் நைத்திரேற்றும் மலக்கிருமியும் பாருங்கள். தை கடைசியில், மழை ஓய்ந்த பின்னர், நைத்திரேற்றை மீண்டும் பாருங்கள். செலவு மூன்றுக்கு இடம் கொடாவிட்டால் ஐப்பசி மாதிரியை விட்டுவிடாதீர்கள். மாதிரி எடுக்குமுன் இயந்திரத்தைச் சில நிமிடம் ஓட விட்டு, அந்த நீரிலேயே போத்தலை மூன்று முறை அலசி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டு செல்லுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடமே தரும் தொற்றுநீக்கிய போத்தலை எடுக்க வேண்டும். அதை மட்டும் அலசக் கூடாது.

தோட்டம் உங்களுடையதா அயலாருடையதா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுடையது என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஓர் ஏக்கருக்கு, அதாவது பதினாறு பரப்புக்கு, ஒரு பயிர்க்காலத்தில் 500 மில்லிமீற்றர் நீர் இறைத்தால் அது ஏறத்தாழ 20 இலட்சம் லீற்றர். அந்த நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால் ஒரு மூடை யூரியாவுக்குச் சமமான நைதரசன் இறைப்போடு சேர்ந்தே பயிருக்குப் போகிறது. 71 என்றால் ஒன்றரை மூடைக்குக் கொஞ்சம் குறைவு. காசு கொடுத்து வாங்கும் உரத்தில் அந்த அளவைக் கழிக்கலாம். முழுவதையும் ஒரேயடியாகக் கழிக்காமல் இரண்டு பாத்திகளில் குறைத்துப் பார்த்து, விளைச்சல் விழாவிட்டால் அடுத்த போகத்தில் தோட்டம் முழுவதற்கும் செய்யுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவதும், மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் இடாமல் இருப்பதும் இன்றைக்கே செய்யக்கூடியவை. இதனால் கிணறு அடுத்த ஆண்டே சுத்தமாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சுற்றியுள்ள தோட்டங்களின் நைத்திரேற்று எல்லாம் ஒரே நீரில்தான் இறங்குகிறது. அயலாரும் சேர்ந்தால்தான் அளவு இறங்கும். அதுவும் சில ஆண்டுகள் எடுக்கும். 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதன் குழாய் நீர் உங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டதா, எப்போது வரும் என்று நீர் வழங்கல் சபையின் உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அறிக்கைகளில் எழுதியிருக்கும் அலகு, கிணற்றுக்கும் உங்கள் குழிக்கும் அயல் வீட்டுக் குழிக்கும் உள்ள தூரம், மழைக்குப் பின்னர் கிணறு கலங்குகிறதா என்ற மூன்றையும் எழுதினால், 71இல் தோட்டத்துக்குப் பங்கு அதிகமா குழிக்குப் பங்கு அதிகமா என்பதை இன்னும் கொஞ்சம் நெருங்கி ஊகிக்கலாம். குழந்தைக்கு நீரை மாற்றுவதற்கு மட்டும் அந்த விடைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.